பாஷாணம் உயிர் காக்கிறது!

பல் துலக்கும்போது ஈறில் இரத்தம் கசிகிறது. அடிபடாமலே கை காலில் நீலத் தழும்பு தோன்றுகிறது. மூக்கில் இரத்தம் வடிகிறது. காய்ச்சலும் களைப்பும் விடுவதில்லை. "உடம்புச் சூடு" என்கிறார் ஆச்சி. "கொப்புடையம்மன் தேர் முடியட்டும், பார்க்கலாம்" என்கிறார்கள் மற்றவர்கள். அதற்குள் உயிரே போய்விடலாம்!

கொடிய நோய்

இரத்தப் புற்றுநோயில் பல வகை உண்டு. அவற்றுள் மிக அரிதான, மிக வேகமான வகை ஒன்று இருக்கிறது. அதன் பெயர் "புரோமைலோசைட் லுகேமியா". நார்வே நாட்டு டாக்டர் ஹில்லஸ்டாட் 1957-ம் ஆண்டில் இதைத் தனி நோயாக எடுத்துக் காட்டினார்.

எலும்பு மஜ்ஜையில் வெள்ளை அணுக்கள் பிறந்து முதிர வேண்டும். இந்த நோயில் அவை பாதி வளர்ச்சியிலேயே நின்று பெருகுகின்றன. இரத்தம் உறையும் சக்தி கெடுகிறது. மூளையில் இரத்தம் கசிந்தால், சில நாட்களிலேயே மரணம்.

விஷமே மருந்து

1985-ல் ஷாங்காய் டாக்டர் வாங் ஷென்யி, வைட்டமின் "ஏ" இனத்தைச் சேர்ந்த மாத்திரை ஒன்றைக் கொடுத்தார். முதிராத அணுக்கள் முதிர்ந்தன! ஹார்பின் நகர டாக்டர்களோ, வெள்ளைப் பாஷாணத்தைச் சுத்தம் செய்து மருந்தாக ஏற்றினார்கள்.

நம் வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியும் அந்த மருந்தைச் சோதித்தது. 1998 முதல் 2004 வரை 72 பேருக்கு அது மட்டுமே முக்கிய மருந்து. நூற்றுக்கு 86 பேர் வீதம் நோய் அடங்கியது! இந்த முடிவு 2006-ல் வெளியாயிற்று. இன்று மாத்திரையையும் பாஷாண மருந்தையும் சேர்த்துக் கொடுக்கிறார்கள். ஆரம்ப நாட்களைக் கடந்தவர்களில் மிகப் பலர் முற்றிலும் குணமடைகிறார்கள்.

ஆனால் எச்சரிக்கை! டாக்டர் அளந்து ஏற்றினால்தான் அது மருந்து. வீட்டில் தின்றால் விஷமே.

என்ன செய்ய வேண்டும்?

ஈறில் இரத்தம் வந்தாலே புற்றுநோய் என்று நடுங்க வேண்டாம். ஆனால் இரத்தக் கசிவும் தழும்பும் காய்ச்சலும் ஒருசேரக் கண்டால், அன்றே காரைக்குடி அரசு ஆஸ்பத்திரியில் இரத்த அணுக்களை எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள். ஆஸ்பிரின் விழுங்க வேண்டாம்; அது இரத்தக் கசிவை அதிகமாக்கும். சந்தேகம் என்று டாக்டர் சொன்னால், மறுநாளுக்குத் தள்ளாமல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் புறப்படுங்கள். காப்பீட்டு அட்டையையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

தேர் அடுத்த ஆண்டும் ஓடும். அதைப் பார்க்க வீட்டார் அனைவரும் இருக்க வேண்டாமா?