பாயிண்டுக்கு ஒரு டீம், பாசத்துக்கு ஒரு டீம்

மக்களே, இந்தப் பதிவு கொஞ்சம் காரமாத்தான் இருக்கும். ஹைதராபாத்துக்குப் பொட்டி தட்ட வந்து வருஷம் பதினாறு ஆச்சு, ஆவக்காய் சாப்பிட்டுப் பழகின நாக்கு. பொறுத்துக்குங்க.

விஷயம் இதுதான். வாரா வாரம் நமக்குப் பிடிச்ச பதினோரு கிரிக்கெட் ஆட்டக்காரங்களைப் பொறுக்கி லிஸ்ட் போடறது ஒரு அருமையான விளையாட்டு. செலவில்லை, சாமான் வேண்டாம், ஒரு பேப்பரும் பென்சிலும் போதும். அந்த விளையாட்டைக் காசு பார்க்கிற கம்பெனிகள் தூக்கிட்டுப் போயிட்டாங்க. சட்டம் வந்து அவங்களைத் துரத்திடுச்சு. ஆனா களவு போன சாமான் இன்னும் வீடு வந்து சேரலை. அதான் என் கோபம்.

எங்க மியாப்பூர் அபார்ட்மென்ட்ல அஞ்சு தமிழ்க் குடும்பம். ஐபிஎல் நடக்கிற மாசங்கள்ல ஞாயித்துக்கிழமை சாயங்காலம் கூடி ஆளுக்கொரு லிஸ்ட் போடுவோம். போன சீசன்ல நான் புவனேஷ்வர் குமார் பேரை எழுதினதும், பக்கத்து வீட்டுப் பையன், பதினோரு வயசு, கேட்டான்: "அவரு எதுக்கு அங்கிள்? பாயிண்ட் வராதே."

கவனிங்க. அவன் சின்னக் குழந்தையா இருந்தப்பவே, 2017-லயே, தெலங்கானா அரசு காசு கட்டி ஆடற ஆன்லைன் ஆட்டங்களைத் தடை பண்ணிடுச்சு. அவன் வீட்ல யாரும் ஒத்தை ரூபாய் கட்டினதில்லை. அப்படியும் அவன் வாயில "பிடிக்குமா"ங்கற கேள்வி வரலை, "பாயிண்ட் வருமா"ன்னுதான் வருது. பத்து வருஷ விளம்பரம் செஞ்ச வேலை இது.

இந்த மாதிரி டீம் பொறுக்கறது ஒண்ணும் புதுசில்லை. 1980-ல நியூயார்க்ல டேனியல் ஓக்ரன்ட்னு ஒரு பத்திரிகைக்காரரும் நண்பர்களும் பேஸ்பால் ஆட்டக்காரங்களை ஏலம் எடுத்து ஆளுக்கொரு டீம் வச்சு ஆடினாங்க. கூடிச் சாப்பிட்ட ஓட்டல் பேரையே ஆட்டத்துக்கும் வச்சாங்க, ரோட்டிசெரி லீக்னு. அதுலயும் கணக்கு உண்டு, ஆளுக்குக் கொஞ்சம் காசும் உண்டு. ஆனா ஆடினவங்க ஒருத்தரை ஒருத்தர் தெரிஞ்சவங்க. வருஷம் பூரா ஒரே டீமோட அழுது சிரிச்சவங்க. நடுவுல உக்காந்து கமிஷன் அடிக்க எவனும் இல்லை.

நம்ம ஊர்ல என்ன நடந்தது? ஐபிஎல் பிறந்த அதே 2008-ல ட்ரீம்11-ம் பிறந்தது. 2020-ல ஐபிஎல்லுக்கே டைட்டில் ஸ்பான்சர். 2023-ல இந்திய அணியோட சட்டையில பேரு. 100 கிரெடிட்டுக்குள்ள 11 பேரு, கேப்டனுக்கு ரெண்டு மடங்கு பாயிண்ட், வைஸ் கேப்டனுக்கு ஒண்ணரை மடங்கு. ஒரு மேட்ச் முடிஞ்சதும் டீமைக் கலைச்சுட்டு அடுத்த மேட்ச்சுக்குப் புது டீம். பாசம் வைக்க நேரம் எங்க இருக்கு?

கேட்டா "இது சூதாட்டம் இல்லை சார், திறமை" என்பாங்க. இந்தத் திறமை வாதத்தோட பூர்வீகம் எங்கன்னு தெரியுமா? எங்க செகந்திராபாத்தான்! அங்க ஒரு கிளப்புல ரம்மி ஆடின வழக்கு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய், 1967-ல தீர்ப்பு வந்தது. ரம்மி முழுக்க அதிர்ஷ்டம் இல்லை, சீட்டை ஞாபகம் வச்சு ஆடற திறமை அதுல இருக்குன்னு. இந்த முதல் பாதியைத்தான் எல்லாரும் கண்ணுல ஒத்திக்கிறாங்க. அதே தீர்ப்புல, பந்தயம் வச்சு ஆடற ஆட்டத்துல கிளப் நடத்தறவன் லாபம் பார்த்தா அது குற்றமாகலாம்னும் இருக்கு. அந்தப் பாதி மட்டும் யாருக்கும் ஞாபகம் வர்றதில்லை. ஞாபக சக்திங்கறது பெரிய திறமைதான் போல :-)

என்கூட வேலை பார்த்த தம்பி ஒருத்தன், விருதுநகர் பக்கம். இங்க தடைன்னு தெரிஞ்சும், போன்ல வேற ஊர்ல இருக்கிற மாதிரி காட்டி ஏதோ ஒரு ஆப்ல ஆடினான். 49 ரூபாய்ல ஆரம்பிச்சது, மூணு சீசன்ல அக்கா கல்யாணத்துக்கு வச்சிருந்த சேமிப்புல கை வைக்கிற வரைக்கும் போச்சு. கிரிக்கெட் பைத்தியமா இருந்த பய, இப்ப டிவியில மேட்ச் ஓடினா எழுந்து வெளியே போயிடறான். காசைக்கூட சம்பாதிச்சுக்கலாம். அந்தப் பைத்தியத்தை யாரு திருப்பிக் குடுப்பா?

2025 ஆகஸ்ட்ல நாடு முழுக்கச் சட்டம் வந்தது. காசு வச்சு ஆடற ஆன்லைன் ஆட்டம் நடத்தினா மூணு வருஷம் வரைக்கும் ஜெயில், ஒரு கோடி வரைக்கும் அபராதம். ட்ரீம்11 காசுப் போட்டிகளை நிறுத்திடுச்சு. அடுத்த மாசம் ஆசியக் கோப்பையில நம்ம பசங்க ஸ்பான்சர் பேரே இல்லாத சட்டையோட ஆடினாங்க. "ஐயோ, ரசிகனோட சந்தோஷத்தைப் பறிச்சுட்டாங்களே"ன்னு சில பேர் ஒப்பாரி. காசில்லாம டீம் போடறதை அந்தச் சட்டம் தொடவே இல்லைங்க. காசு போனதும் சந்தோஷமும் போயிடுச்சுன்னா, அது கிரிக்கெட் தந்த சந்தோஷமே இல்லை.

பாயிண்ட் எவ்வளவு பெரிய பொய்னு ஒரே மேட்ச்ல காட்டறேன். 2009 ஃபைனல், ஜோஹன்னஸ்பர்க். டெக்கான் சார்ஜர்ஸ் கேப்டன் கில்கிறிஸ்ட் முதல் ஓவர்லயே கும்ப்ளேகிட்ட டக் அவுட். கும்ப்ளே 16 ரன் குடுத்து 4 விக்கெட், ஆட்ட நாயகனும் அவரே. ஆனா 6 ரன்ல ஜெயிச்சுக் கோப்பையைத் தூக்கினது கில்கிறிஸ்ட். முந்தின வருஷம் கடைசி இடத்துல கிடந்த டீமைத் தூக்கி நிறுத்தின மனுஷனோட தலைமைக்கு உங்க ஆப்ல ஒரு பாயிண்டும் கிடையாது. வாழ்க!

சரி, திட்டிட்டே இருந்தா எப்படி. ஹைதராபாத் சட்டை போட்டவங்கள்ல இந்த வாரத்து என் பதினொண்ணு இதோ:

கில்கிறிஸ்ட் (காரணம் மேலே). வார்னர்: 2016-ல கோப்பை வாங்கிக் குடுத்தவரு, 2021-ல டீமை விட்டு உக்கார வச்சப்பவும் கை தட்டினாரு. லக்ஷ்மண்: 2008 ஏலத்துல டீமுக்குக் காசு மிச்சமாகட்டும்னு ஐகான் அந்தஸ்தையே வேணாம்னாரு, இதுக்கு எத்தனை பாயிண்ட்? ரோஹித் சர்மா: 2009-ல மும்பைக்கு எதிரா ஹாட்ரிக் விக்கெட் எடுத்தாருன்னு சொன்னா இப்ப யாரும் நம்ப மாட்டாங்க, அதுக்காகவே. சைமண்ட்ஸ்: 2008-ல ராஜஸ்தானுக்கு எதிரா 117 அடிச்சும், அவரே போட்ட கடைசி ஓவர்ல தோத்தாரு, பாவம். வில்லியம்சன்: 2018-ல 735 ரன், ஃபைனல்ல நம்ம சிஎஸ்கே கிட்ட தோத்தும் அதே சிரிப்பு. ரஷீத் கான்: ஆப்கன்லேர்ந்து பதினெட்டு வயசுல வந்து உப்பல் ஸ்டேடியத்தையே கட்டிப் போட்டவரு. ஓஜா: 2010 பர்ப்பிள் கேப். ஸ்டெய்ன்: அந்தக் கண்ணு! புவி: 2016, 2017 ரெண்டு வருஷமும் பர்ப்பிள் கேப், சத்தமே இல்லாம.

பதினொண்ணாவது நம்ம சேலம் சின்னப்பம்பட்டி நடராஜன். சட்டை முதுகுல தன்னைக் கை தூக்கிவிட்ட ஜெயப்பிரகாஷ் அண்ணன் பேரோட முதலெழுத்தையும் சேர்த்துப் போட்டவரு, சொந்த ஊர்ல மைதானம் கட்டினவரு.

வெளிநாட்டுக்காரங்க நாலு பேருதானே ஆடலாம், என் டீம்ல ஆறு பேராச்சேன்னு எண்ணாதீங்க. என் டீம், என் சட்டம்.

நடராஜனை 2025 ஏலத்துல டெல்லி 10.75 கோடிக்குத் தூக்கிட்டுப் போச்சு. அந்த சீசன்ல பெரும்பாலும் பெஞ்ச்தான். எங்க மாதிரி இங்க பொழைக்க வந்தவங்களுக்கு, ஆரஞ்சு சட்டைக்குள்ள நம்மாளு ஒருத்தர் இருக்காருங்கறது எவ்வளவு தெம்பு! ஏலம் அதைப் பிடுங்கிடுச்சு. ஆனா என் பேப்பர்ல இருக்கிற நடராஜனை எந்த முதலாளியும் ஏலம் எடுக்க முடியாது. லிஸ்ட் போடறதோட மகிமையே அதான்.

இன்னொரு லாபமும் இருக்கு. ஊர்ல இருக்கிற எங்கப்பாவுக்கு வயசு 76. போன் பண்ணினா "மாத்திரை போட்டீங்களா", "போட்டேன்", அவ்வளவுதான் பேச்சு. இப்ப ஞாயித்துக்கிழமை ராத்திரி பேத்தியோட லிஸ்டைக் கேட்டுட்டு இருபது நிமிஷம் சண்டை போடறாரு. ஒவ்வொரு பேருக்கும் பக்கத்துல ஒரு வரி காரணம் எழுதணும், அதுவும் தமிழ்ல எழுதணுங்கறது எங்க சட்டம். ஸ்கூல்ல தெலுங்கு படிக்கிற பொண்ணு, "கிழிச்சுட்டாரு"க்கு எந்த ழி போடணும்னு தாத்தாவைக் கேக்கறா. எந்த ட்யூஷன்ல கிடைக்கும் இது?

அதனால பெங்களூரு, புனே, துபாய், நியூஜெர்சின்னு எங்க இருந்தாலும் சரி, இந்த ஞாயித்துக்கிழமை பசங்களை உக்கார வச்சு ஒரு பதினொண்ணு போடச் சொல்லுங்க. காரணத்துல எண்ணே வரக்கூடாதுன்னு சட்டம் போடுங்க, எங்க தாத்தா-பேத்தி கமிட்டி அடுத்த வாரத்துலேர்ந்து அதையும் அமல்படுத்துது. "ஏன் பிடிக்கும்"னு மட்டும் கேளுங்க. பதில் வர்ற வரைக்கும் வாயை மூடிக்கிட்டு இருங்க.

டிஸ்கி: பதினோரு பேர்ல தோனி இல்லையேன்னு தங்கமணி முறைக்கிறாங்க. தாயே, இது ஹைதராபாத் லிஸ்ட். மஞ்சள் லிஸ்ட் அடுத்த வாரம்!