கரண்ட் போனா தண்ணி எங்கே போகும்?

'சம்ப்'னு சொன்னதும், வாசல்ல மூடி போட்டு வெச்சிருக்கிற தண்ணித் தொட்டி ஞாபகம் வருதா? இந்த வாரம் நாம பார்க்கப்போறது மீன் தொட்டியோட சம்ப். ஸ்டாண்டுக்குள்ளே ஒளிஞ்சிருக்கும் இன்னொரு கண்ணாடித் தொட்டி அது. மேலிருந்து வழியும் தண்ணீர் குழாய் வழியா இதுக்குள் இறங்கி, ஸ்பாஞ்சு, பயோ பால் எல்லாம் தாண்டி, மோட்டார் மூலமா மறுபடி மேலே ஏறும். மீன் கழிவில் வரும் அம்மோனியாவை, இங்கே குடியிருக்கும் பாக்டீரியாக்கள் நைட்ரைட்டாக்கி, பிறகு நைட்ரேட்டாக்கிடும்.

சரி, சம்ப் எவ்வளவு பெருசா இருக்கணும்? மேல் தொட்டியில் கால் பங்கிலிருந்து மூணில் ஒரு பங்குனு பொதுவா சொல்வாங்க. ஆனா நிஜப் பரீட்சை கரண்ட் கட் ஆகும்போதுதான்! மோட்டார் நின்னதும், மேலே வழியும் விளிம்புக்கு மேல இருக்கிற தண்ணியும், குழாயில் இருக்கிற தண்ணியும் சம்புக்கு ஓடிவரும். அங்கே இடம் இல்லைனா? ஹால் முழுக்க ஆறுதான். அப்புறம் வீட்டில் மீனுக்கு மட்டுமில்ல, உங்களுக்கும் சோறு கிடைக்காது!

கணக்குப் போடலாம். 6 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரத் தொட்டி. 24 கன அடி, சுமார் 680 லிட்டர். இதில் ஒன்றரை இஞ்ச் தண்ணி இறங்கினா 42 லிட்டர். குழாய்க்கு ஒரு 10 லிட்டர் சேர்த்துக்கோங்க. ஆக 52.

சம்ப் 4 அடிக்கு ஒன்றரை அடி, உயரம் ஒன்றரை அடினு வைங்க. கொள்ளளவு 255 லிட்டர். ஒரு இஞ்சுக்கு 14 லிட்டர் பிடிக்கும். அந்த 52 லிட்டருக்கு கிட்டத்தட்ட 4 இஞ்ச் வேணும். ஒரு இஞ்ச் கூடுதலா விட்டு, 13 இஞ்ச் உயரத்தில் மார்க்கரால் கோடு போடுங்க. மோட்டார் ஓடும்போது தண்ணி அதைத் தாண்டவே கூடாது. 'இடம் இல்லை பாஸ்'னு 2 அடிக்கு 1 அடி சம்ப் வெச்சா, அதே 52 லிட்டர் 11 இஞ்ச் ஏறும்!

இன்னொரு வில்லன், தண்ணியை மேலே கொண்டுபோற குழாய். அதோட வாய் 6 இஞ்ச் ஆழத்தில் முங்கியிருந்தா, மோட்டார் நின்னதும் தண்ணியைத் திருப்பி உறிஞ்சும். கிட்டத்தட்ட 170 லிட்டர் கீழே வந்துடும்! வாயை நீர்மட்டத்துக்குப் பக்கத்திலேயே வைங்க. மட்டத்துக்குச் சற்றுக் கீழே ஒரு சின்ன ஓட்டை போட்டா காத்து புகுந்து உறிஞ்சல் நிக்கும். பாசி அடைக்காம அப்பப்போ குத்திவிடுங்க.

வெயில்ல தண்ணி ஆவியானா, மட்டம் குறையறது மோட்டார் இருக்கிற அறையில்தான். அந்த அறை ரொம்பச் சின்னதா இருந்தா, மோட்டார் காத்தை இழுத்து சூடாகிடும்.

கொளத்தூர் போய் மீனை அள்ளிட்டு வர்றதுக்கு முன்னாடி ஒரு டெஸ்ட். தொட்டியை நிரப்பி, மோட்டாரை ஓடவிட்டு, சட்டுனு சுவிட்சை ஆஃப் பண்ணுங்க. தரை காய்ஞ்சே இருந்தா நீங்க பாஸ்!