ஒரு செமஸ்டர் ஐரோப்பா: யாருடைய சேமிப்பில்?

ஐரோப்பாவில் ஒரு செமஸ்டர் படித்துவிட்டு வந்தவர்கள் எழுதும் குறிப்புகளை நீங்களும் வாசித்திருப்பீர்கள். பாரிஸில் ஒரு படம், பிராகில் ஒரு படம், ஆல்ப்ஸ் பனியில் ஒரு படம். கீழே நான்கு வரி: இந்தப் பயணம் என் பார்வையை விரிவாக்கியது, மனிதர்கள் எல்லோரும் ஒன்றுதான் என்று புரிந்துகொண்டேன். ஊர்த் தெருவிலிருந்து காலனிக்கு நடந்தால் ஐந்து நிமிடம். அந்தத் தூரத்தில் புரியாத ஒன்று எட்டாயிரம் கிலோமீட்டர் தாண்டிப் போனதும் புரிந்துவிடுகிறதாம். நம்புவோம்.

பொறாமையில் எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம். நானும் போய்வந்தவள்தான். முனைவர் பட்ட ஆய்வின் பகுதியாக 2024 அக்டோபர் முதல் 2025 மார்ச் வரை, ஒரு குளிர்காலச் செமஸ்டர் முழுவதும் ஜெர்மனியின் கொலோன் நகரில் இருந்தேன். அதனால்தான் சொல்கிறேன், இந்தப் பயணத்தை 'தகுதி' என்றும் 'திறமைக்குக் கிடைத்த வாய்ப்பு' என்றும் சொல்வது சுத்தமான பொய்.

முதலில் பணத்தைப் பேசுவோம். பரிமாற்றத் திட்டத்தில் போகிறவர்களுக்குக் கல்விக் கட்டணம் இல்லை. சாப்பாடு, வாடகை நம் பொறுப்பு. அந்தச் செலவுக்கு நம்மிடம் பணம் இருக்கிறது என்பதை விசா கொடுக்கும் முன்பே காட்ட வேண்டும். 2024 செப்டம்பர் முதல் ஜெர்மனி கேட்கும் தொகை மாதத்துக்கு 992 யூரோ. ஆறு மாதத்துக்கு 5,952 யூரோ. நம் காசில் ஐந்து லட்சத்துக்கும் மேல். அதை முடக்கப்பட்ட கணக்கு ஒன்றில் மொத்தமாகப் போட வேண்டும். அங்கே போன பிறகு மாதாமாதம் கொஞ்சமாக எடுத்துக்கொள்ளலாம். 'மாதாமாதம் எனக்கு உதவித்தொகை வரும்' என்று சொல்லிப் பார்க்கலாம். எனக்கு அப்போது ஐந்து மாத உதவித்தொகை நிலுவையில் இருந்தது. வராத பணத்தை எந்தத் தூதரகத்தில் காட்டுவது? ஜெர்மனியில் வசிக்கும் ஒருவர் பொறுப்பேற்றுக் கடிதம் கொடுத்தாலும் போதும் என்று இன்னொரு வழி இருக்கிறது. எங்கள் காலனியில் யாருக்கு ஜெர்மனியில் மாமா இருக்கிறார்?

என் அம்மா சத்துணவுக் கூடத்தில் சமையல் உதவியாளர். மகளிர் குழுவில் கடன் எடுத்தார். பெரியம்மாவின் தோடு அடகுக்குப் போனது. மீதியைப் பல்கலைக்கழகத் தோழர்களும் என் நெறியாளரும் திரட்டிக் கொடுத்தார்கள். என்னோடு அதே விடுதிக்கு, நம் மாநிலத்துத் தனியார் பல்கலைக்கழகம் ஒன்றிலிருந்து, ஒரு பொறியியல் மாணவன் வந்திருந்தான். வயது இருபது. அவன் அப்பா ஒரே மதியத்தில் வங்கிக்குப் போய்ப் பணத்தைக் கட்டிவிட்டு வந்திருக்கிறார். நாங்கள் இருவரும் ஒரே விமானத்தில் ஏறினோம். அவன் ஏறியது மூன்று தலைமுறை நிலத்தின் மீது. நான் ஏறியது வட்டியின் மீது. வங்கிக் கணக்கில் சாதிக்கென்று தனிக் கட்டம் கிடையாது, ஆனால் அந்தத் தொகையில் சாதி தெரியும்.

சரி, போய்ச் சேர்ந்த பிறகாவது? உண்மையைச் சொல்ல வேண்டும். முதல் மாதம் எனக்கும் உடம்பு லேசாக இருந்தது. நூலகத்தில், டிராமில், ரொட்டிக் கடையில் யாரும் என் ஊரின் பெயரைக் கேட்டு அதற்குள் என் தெருவைத் தேடவில்லை. அண்ணல் அம்பேத்கரும் இதை எழுதியிருக்கிறார். நியூயார்க்கிலும் லண்டனிலும் இருந்த காலத்தில் தான் தீண்டப்படாதவர் என்ற நினைப்பே மறைந்துபோனதாகத் தன் வாழ்க்கைக் குறிப்புகளில் சொல்கிறார். அந்தக் குறிப்புகளுக்குப் பெயரே 'விசாவுக்காகக் காத்திருத்தல்'. 1917இல் உதவித்தொகைக் காலம் முடிந்து, லண்டன் படிப்பைப் பாதியில் விட்டு, பரோடாவுக்கு வேலைக்கு வருகிறார். தங்க ஒரு அறை கிடைக்கவில்லை. பார்சி விடுதியில் பார்சிப் பெயரில் தங்குகிறார். விஷயம் தெரிந்ததும் தடிகளோடு ஒரு கூட்டம் வந்து அவரை வெளியேற்றுகிறது. கொலம்பியாவில் படித்த படிப்பு ஒரு அறைக்குக்கூட உதவவில்லை.

அவராவது இந்தியா திரும்பும்வரை சாதியை மறந்திருந்தார். எனக்கு அந்த வாய்ப்பும் ஒரு மாதத்தோடு முடிந்தது. காரணம், இப்போது சாதி நமக்கு முன்பே போய் அங்கே சமையலறையில் உட்கார்ந்திருக்கிறது.

விடுதியில் பொதுச் சமையலறை. இந்திய மாணவர்கள் ஆறு பேர் சேர்ந்து முறை வைத்துச் சமைத்தோம். இரண்டாவது வாரம் அந்தப் பொறியியல் மாணவன் கேட்டான்.

"அக்கா, உங்களுக்குச் சொந்த ஊர் எது?"

சொன்னேன்.

"அங்க எந்தப் பக்கம்க்கா?"

அதையும் சொன்னேன். மறைக்க எனக்கு எதுவும் இல்லை. அந்த வாரக் கடைசியில் சூப்பர் மார்க்கெட்டில் மாட்டிறைச்சி வாங்கிவந்து எனக்காகத் தனியாக வறுத்தேன். ஜெர்மனியில் அது யாரும் திரும்பிப் பார்க்காத சாதாரணச் சாப்பாடு. மூன்றாம் நாள் வாட்ஸ்அப் குழு அமைதியாகிவிட்டது. சமையல் மட்டும் நடந்துகொண்டிருந்தது. நான் இல்லாத இன்னொரு குழு உருவாகியிருந்தது. கேட்டதற்கு, "சாதியெல்லாம் இல்லக்கா, ஹைஜீன்தான். பாத்திரம் கலந்துடுது பாருங்க" என்றான்.

என் அம்மா சமைத்த சோற்றைச் சாப்பிடக் கூடாது என்று சில வீடுகளில் பிள்ளைகளுக்குத் தூக்குவாளி கொடுத்து அனுப்பியதைப் பார்த்து வளர்ந்தவள் நான். அவர்களும் 'சுத்தம்' என்றுதான் சொன்னார்கள். இவன் அதையே ஆங்கிலத்தில் சொன்னான்.

அதே வாரம் அவன் வேறொன்றுக்காகக் கொதித்துக்கொண்டிருந்தான். வீடு பார்க்கப் போன இடத்தில், இந்தியர்களுக்குக் கொடுப்பதில்லை, மசாலா வாடை என்று சொல்லிவிட்டார்களாம். "இது அப்பட்டமான நிறவெறிக்கா" என்றான். ஆமாம் தம்பி, நிறவெறிதான். நீ கோபப்பட்டது முழுக்க நியாயம். ஆனால் வாடையைச் சொல்லி உன்னை வெளியே நிறுத்தினால் அது நிறவெறி, வாடையைச் சொல்லி நீ என்னை வெளியே நிறுத்தினால் அது சுகாதாரமா? ஐரோப்பா அவனுக்கு ஒடுக்கப்படுவது என்றால் என்ன என்று ஒரு மாதிரிப் பாடம் நடத்தியது. அந்தப் பாடத்தை அவன் தனக்கு மட்டும் குறித்துக்கொண்டான்.

பயணத்துக்கு வருவோம். நான் அதிகம் சுற்றவில்லை. மாணவர் பயண அட்டையில் வட்டார ரயில்கள் மட்டும்தான் போகும். லண்டனில் 1921-22இல் அம்பேத்கர் தங்கிய வீட்டை 2015இல் மகாராஷ்டிர அரசு வாங்கி நினைவிடமாக்கியிருக்கிறது. பார்க்க ஆசை. ஆனால் ஜெர்மன் விசாவில் பிரிட்டனுக்குள் போக முடியாது. அதற்குத் தனி விசா, தனிப் பணம். அதனால் அரை மணி நேர ரயில் தூரத்தில் இருந்த பான் நகருக்குப் போனேன். 1921இல் அங்கே உள்ள பல்கலைக்கழகத்தில் அம்பேத்கர் பதிவு செய்திருந்தார். அந்த மஞ்சள் நிற அரண்மனைக் கட்டடத்தின் முன்னால் புல்வெளியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தேன். அதுதான் என் ஐரோப்பியச் சுற்றுலா.

கொலோன் தெருக்களில் நடந்தால் காலடியில் சிறு பித்தளைக் கற்கள் தென்படும். நாஜிகள் இழுத்துச் சென்றவர்களின் பெயர், பிறந்த ஆண்டு, என்ன ஆனார்கள் என்பது, அவர்கள் கடைசியாக வாழ்ந்த வீட்டு வாசலில் பதிக்கப்பட்டிருக்கும். 1940 மே மாதம் இந்த நகரத்திலிருந்து ஆயிரம் ரோமா, சிந்தி மக்கள் நாடு கடத்தப்பட்டார்கள். அவர்கள் போன வழியை 1990இல் ஒரு கலைஞர் தெருவில் வண்ணம் பூசி அடையாளம் காட்டினார். 1992இல் அவரே முதல் கல்லைப் பதித்தார். இன்று ஐரோப்பா முழுவதும் ஒரு லட்சத்துக்கும் மேல் பதித்தாகிவிட்டது. ஜெர்மனி திருந்திவிட்டது என்று சொல்லவில்லை. அங்கே வந்தேறிகளுக்கு எதிரான கட்சிகள் வளர்கின்றன. ஆனால் செத்தவர்களின் பெயரைக் கொன்ற சமூகத்தின் வாசலிலேயே வைக்க வேண்டும் என்ற யோசனையாவது அங்கே இருக்கிறது. வெண்மணியின் 44 பேருக்கு நினைவிடம் இருக்கிறது. தீ வைத்தவர்களின் வீட்டு வாசலில் ஒரு கல் இருக்கிறதா?

அதே கொலோன் ரயில் நிலையத்தில் ஒரு ரோமாப் பெண் கை நீட்டியபோது நம் மாணவர்கள் சொன்னது, "பர்ஸைப் பார்த்துக்கோ, ஜிப்சிங்க." ரோமாக்களின் மொழிக்கு வேர் இந்தியாவில்தான் இருக்கிறது. அவர்களை விலக்கும் பார்வையையும் நம்மவர்கள் இங்கிருந்தே கொண்டுபோயிருந்தார்கள்.

இப்போது அரசைக் கேட்போம். பட்டியல் சாதி மாணவர்களுக்கான தேசிய வெளிநாட்டு உதவித்தொகை 1950களிலிருந்து இருக்கிறது. இன்றும் இந்த நாடு முழுவதற்கும் ஆண்டுக்கு 125 இடங்கள். 2022இல் ஒரு திருத்தம் கொண்டுவந்தார்கள்: இந்தியப் பண்பாடு, வரலாறு, இந்தியச் சமூகம் பற்றி வெளிநாட்டில் ஆய்வு செய்ய இந்த உதவித்தொகை கிடையாது. அதாவது சாதியை அனுபவி, ஆனால் வெளியே போய் ஆராயாதே. 2025இல் 106 பேரைத் தேர்ந்தெடுத்துவிட்டு, முதலில் 40 பேருக்கு மட்டும் கடிதம் கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு நிதி இருந்தால் பார்க்கலாம் என்றார்கள். உதவித்தொகை முடிந்து 1917இல் ஒருவர் கப்பல் ஏறினார். 2025இல் 66 பேரை விமானம் ஏறவே விடாமல் காக்க வைத்தார்கள்.

இவையும் நம் மாநில அரசின் அம்பேத்கர் பெயரிலான திட்டமும் முழுப் பட்டப்படிப்புக்கானவை. கலைக் கல்லூரியில் படிக்கும் ஒரு காலனிப் பிள்ளை ஒரே ஒரு செமஸ்டர் போய்வர வழி எங்கே? பரிமாற்றத்துக்கு மாணவர்களைத் தேர்ந்தெடுக்கும் அறிவிப்புகளை ஆண்டுக்கணக்கில் பார்த்துவருகிறேன். அவற்றில் ஒன்றிலும் இடஒதுக்கீடு என்ற சொல்லைக் கண்டதில்லை. ஐரோப்பிய ஒன்றியம் தன் எராஸ்மஸ் திட்டத்தில் வாய்ப்புக் குறைந்த மாணவர்களுக்கு மாதம் 250 யூரோ கூடுதலாகத் தருகிறது. ஒரே தொடக்கக் கோட்டில் எல்லோரும் நிற்கவில்லை என்று அவர்களுக்குத் தெரிகிறது. இங்கே அதைச் சொன்னால் 'சலுகை' என்கிறார்கள்.

நாம் கேட்க வேண்டியது தெளிவானது. பரிமாற்றத் தேர்வில் இடஒதுக்கீடு வேண்டும், தேர்வுப் பட்டியலை வெளியிட வேண்டும். அரசுக் கல்லூரி மாணவர்களுக்குக் குறுகிய காலப் படிப்புக்கான நிதி வேண்டும். அது விசாவுக்கு முன்பே கைக்கு வர வேண்டும். 2022ஆம் ஆண்டுத் தடை நீங்க வேண்டும். நம் மாணவர்களை வரவேற்கும் ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் பாகுபாட்டுக்கு எதிரான விதிகளில் சாதியைச் சேர்க்க வேண்டும்.

போய்வரும் வசதி உள்ளவர்களுக்கும் ஒன்று. பெரியாரும் வசதியான குடும்பத்தவர்தான். 1931 டிசம்பரில் கிளம்பி ஏறக்குறைய ஓராண்டு ஐரோப்பாவையும் சோவியத் நாட்டையும் சுற்றினார். 1932இல் திரும்பியதும் இயக்கத்தவர் இனி ஒருவரையொருவர் 'தோழர்' என்று அழைக்க வேண்டும் என்றார். சாதி கேட்காமல் ஒருவரைக் கூப்பிட ஒரு சொல்லை ஊருக்குக் கொண்டுவந்தார். நீங்கள் என்ன கொண்டுவந்தீர்கள்? ஈஃபில் கோபுரம் தொங்கும் சாவிக்கொத்தா?

என் மகளிர் குழுக் கடனில் இன்னும் ஏழு தவணை பாக்கி இருக்கிறது. அம்மா கட்டிக்கொண்டிருக்கிறார். அடுத்து எங்கள் காலனியிலிருந்து போகிற பெண்ணுக்கு அந்தத் தவணை இருக்கக் கூடாது. அதற்குத்தான் இதை எழுதுகிறேன், தோழர்களே.