நகல் காருக்கும் ஒரு நாள் வேண்டும்



பழைய பந்தயக் காரைப் போலவே புதிதாக ஒன்றைச் செய்து ஓட்டிப் பார்க்கும் ஆசை பல நாடுகளில் உண்டு. அசல் கார்கள் மிகச் சில. விலையோ பல மில்லியன் வெள்ளி. ஆகவே ஆசைப்பட்டவர்கள் நகலைச் செய்துகொள்கிறார்கள். அப்படி நகலெடுக்கப்படும் கார்களில் ஒன்று ஃபோர்ட் ஜி.டி. 40. இதன் உயரம் சுமார் 40 அங்குலம்தான். பெயரிலுள்ள 40 அதைத்தான் குறிக்கிறது.

இந்தக் காரைச் செய்ய நினைப்பவர் முதலில் சாயம் வாங்க வேண்டுமா, சக்கரம் தேட வேண்டுமா? இரண்டும் இல்லை. ஒரு நாளைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஏன் என்கிறீர்களா? பிரான்சின் லெ மான் நகரில் நடக்கும் 24 மணி நேரப் பந்தயத்தில் 1968லும் 1969லும் வென்றது ஒரே கார். இரண்டு முறையும் அதே இளநீல நிறம், அதே ஆரஞ்சுப் பட்டை. ஆனால் 1968ல் அதன் பந்தய எண் 9, 1969ல் 6. ஆறாம் எண்ணை எழுதிவிட்டு "இது 1968ல் வென்ற கார்" என்றால், விவரம் தெரிந்தவர் சிரித்துவிட மாட்டாரா?

நாளை முடிவு செய்துவிட்டால், அன்று எடுத்த புகைப்படங்களே வழிகாட்டி. வேறு வருடத்துப் படம் காலை வாரிவிடும். 1964ல் இவ்வகைக் கார்கள் கம்பிச் சக்கரத்தோடு ஓடின. பிறகுதான் வார்ப்புச் சக்கரம் வந்தது. அதன் அளவு 15 அங்குலம். மேலே தடித்த டயர். இக்காலத்துப் பெரிய சக்கரத்தையும் மெல்லிய டயரையும் மாட்டினால் காரின் முகமே மாறிவிடும். அளவுமானிகளில் முள்தான் ஆட வேண்டும். எண்கள் ஒளிரக் கூடாது.

அப்படியானால் எல்லாமே பழையபடி இருக்க வேண்டுமா? இங்கேதான் நிதானம் வேண்டும். அக்காலத்தில் லெ மானில் ஓட்டுநர்கள் சாலையின் எதிர்ப்புறம் நின்று, கொடி அசைந்ததும் ஓடிப்போய்க் காரில் ஏறுவார்கள். அவசரத்தில் சிலர் பாதுகாப்பு வாரை மாட்டாமலே புறப்படுவார்கள். 1969ல் ஜாக்கி இக்ஸ் என்ற இளைஞர் இதை எதிர்த்து, நடந்தே சென்று, வாரை நிதானமாக மாட்டிக்கொண்டு கடைசியாகப் புறப்பட்டார். அதே பந்தயத்தின் முதல் சுற்றிலேயே ஜான் வுல்ஃப் என்பவர் காரிலிருந்து தூக்கியெறியப்பட்டு உயிரிழந்தார். அவர் வார் மாட்டியிருக்கவில்லை. மறுநாள் வென்றது இக்ஸ் ஓட்டிய அந்த ஆறாம் எண் கார். ஓட்டத் தொடக்க முறை 1970ல் கைவிடப்பட்டது.

ஆகவே அன்பர்களே, எண்ணையும் நிறத்தையும் சக்கரத்தையும் அந்த நாளிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். வார், எண்ணெய்த் தொட்டி, தீயணைப்புக் கருவி மூன்றையும் இன்றைய தரத்தில் வையுங்கள். விற்க நேர்ந்தால் "இது நகல்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். நன்றாகச் செய்த நகலுக்கு அதில் வெட்கமில்லை.