ஏர்செல் முழுகுச்சு, ஆனந்த கிருஷ்ணன் முழுகல. ஏன்?

2018 பிப்ரவரில தமிழ்நாடு முழுக்க ஏர்செல் சிக்னல் போய், நம்பரை வேற கம்பெனிக்கு மாத்த ஜனங்க அலைஞ்சது ஞாபகம் இருக்கா? அந்தக் கம்பெனில 74 சதவீதம் பங்கு, 2006ல மேக்சிஸ் மூலமா வாங்கினவர் ஒரு தமிழர்தான். மலேசியாவோட ஆனந்த கிருஷ்ணன்.

1938ல கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ்ல பிறந்தவர், பூர்வீகம் யாழ்ப்பாணம். ஹார்வர்டுல எம்.பி.ஏ. முடிச்சுட்டு கச்சா எண்ணெய் வியாபாரத்துல சம்பாதிச்சார். அப்புறம் மேக்சிஸ், ஆஸ்ட்ரோ, கடல்ல எண்ணெய் எடுக்கிறவங்களுக்கு கப்பல் விடுற பூமி அர்மாடா. இன்னைக்கு பெட்ரோனாஸ் கோபுரம் நிக்கிற இடம் ஒரு காலத்துல குதிரைப் பந்தய மைதானம். அதை நகரமா மாத்தற திட்டத்துக்கும் பின்னாடி இருந்தவர் இவர்தான். ஆனா தனியா இறங்கல, பெட்ரோனாஸையும் கூட்டு சேர்த்துக்கிட்டார்.

ஏர்செல்ல அவருக்குப் போனது சுமார் 700 கோடி டாலர்னு செய்திகள் வந்துச்சு. 2016ல ஜியோ வந்து விலையை உடைச்சுது, ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸோட இணைப்பும் 2017ல முறிஞ்சுது. சுமார் 15,500 கோடி ரூபாய் கடனோட திவால் மனு. இவ்வளவு அடி வாங்கியும் மலேசியா மேக்சிஸ் ஆடல. காரணம், 2009ல அதை மறுபடி பங்குச்சந்தைக்குக் கொண்டு வந்தப்போ மலேசியத் தொழிலை மட்டும்தான் உள்ள வெச்சார். ஏர்செல் வெளியே, தனிப் பெட்டில.

கடன் கொடுத்த நம்ம பேங்குக்குத்தானே நஷ்டம்னு கேக்கலாம். நியாயமான கோபம், எனக்கும் உண்டு. ஆனா அவர் போட்ட அந்தச் சுவரை நாம ஏன் போடறதில்ல?

இங்க திருவாலங்காடு, திருத்தணி பக்கம் தறி வெச்சிருக்கவங்க, கடை வெச்சிருக்கவங்க என்ன பண்றோம்? தொழில் கடனுக்கு வீட்டுப் பத்திரம். அது போதாதுன்னு மச்சான் ஜாமீன் கையெழுத்து. "சும்மா ஃபார்மாலிட்டிதான் சார்"னு சொல்லித்தான் வாங்குவாங்க. சும்மா இல்லீங்க. 1872 ஒப்பந்தச் சட்டம் 128வது பிரிவுப்படி, கடன் வாங்கினவருக்கு எவ்வளவு பொறுப்போ ஜாமீன் போட்டவருக்கும் அவ்வளவு பொறுப்பு. வாங்கினவரைக் கேட்டுட்டுதான் உங்ககிட்ட வரணும்னு கட்டாயம் கிடையாது. அடமானம் வெச்ச வீடுன்னா, தவணை நின்னு வாராக்கடன் ஆனதும் 2002 சர்ஃபேசி சட்டத்துல 60 நாள் நோட்டீஸ், அப்புறம் கோர்ட்டுக்குப் போகாமலே கையகப்படுத்தலாம். பிரைவேட் லிமிடெட் ஆரம்பிச்சிருந்தாலும் இதே கதை: தனிப்பட்ட ஜாமீன்ல கையெழுத்து போட்டா அந்த 'லிமிடெட்' உங்களைக் காப்பாத்தாது.

என் கருத்து கொஞ்சம் கறாரானது. குடியிருக்கிற வீடு ஒண்ணே ஒண்ணுன்னா அதை தொழிலுக்கு வைக்காதீங்க, கடன் தொகை குறைஞ்சாலும் பரவாயில்ல. சிறுதொழிலுக்கு சொத்து ஜாமீன் இல்லாம கடன் தர சிஜிடிஎம்எஸ்இ திட்டம் இருக்கு. பேங்க்ல அவங்களா சொல்றது கம்மி, நீங்கதான் பேர் சொல்லிக் கேக்கணும். அதுக்கு என்ன கட்டணம், யாருக்குக் கிடைக்காதுன்னு அடுத்த வீடியோல ஃபார்மை வெச்சே பார்க்கலாம்.