பெட்டியைக் கேட்பவர்கள்

விழுப்புரத்தில் எனக்கொரு நண்பர். ரிடையர்டு ரயில்வே. பி.எஃப். பணத்தில் மாடியில் ஒரு மியூசிக் ரூம் கட்டியிருக்கிறார். ஆம்ப்ளிஃபயர் மூன்று முறை மாறிவிட்டது, ஸ்பீக்கர் நான்கு முறை. இப்போது ஒயரை மாற்றப் போகிறாராம். ஒரு மீட்டர் விலைக்கு ஓர் ஆடு வாங்கலாம்.

பாட்டு மட்டும் மாறவே இல்லை. யார் போனாலும் அதே ஐந்து பாட்டு. அதையும் முழுசாகப் போட மாட்டார். 'இந்த இடத்துல சிம்பல் வலது பக்கம் வருது, கவனிச்சீங்களா சார்?' என்று அடுத்ததுக்குத் தாவிவிடுவார். பாட்டைக் கேட்பதில்லை, பெட்டியைக் கேட்கிறார்.

சிரிக்காதீர்கள். உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். அது நீங்களாகவும் இருக்கலாம்.

கொஞ்சம் காதுக் கணக்கு பார்ப்போம். இளம் வயதில் நல்ல காதுக்கு 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். 1982-ல் கடைக்கு வந்த சி.டி., வினாடிக்கு 44,100 சாம்பிள் எடுத்து, ஏறக்குறைய 22,000 ஹெர்ட்ஸ் வரை பிடித்து வைக்கிறது. மனிதக் காதுக்கு இது தாராளம். ஆனால் வயதாக ஆக, மேல்பக்கத்து ஒலிகள்தான் முதலில் கைவிட்டுப் போகும். ஐம்பதைத் தாண்டிய பெரும்பாலோருக்கு 15,000-க்கு மேல் நிசப்தம். ஆக, லட்ச ரூபாய் ஸ்பீக்கர் வாங்க வசதி வரும்போது அதை முழுசாகக் கேட்கும் காது போய்விடுகிறது. அதை அப்கிரேடு செய்ய எந்தக் கடையும் இல்லை.

அந்த மாடி அறையில் டைல்ஸ் தரை, வெறும் சுவர். சத்தம் பட்டுப் பட்டுத் திரும்புகிறது. ஒரு ஜமக்காளமும் கனமான திரைச்சீலையும் செய்யும் உபகாரத்தை அந்த ஒயர் செய்யாது.

'அப்போ நல்ல ஒலியே வேண்டாமா?' என்பீர்கள். வேண்டும். செல்போன் ஸ்பீக்கரில் மிருதங்கத்தின் தொப்பி காணாமல் போய்விடும். சுமாரான ஒரு ஜோடி ஸ்பீக்கரோ ஹெட்போனோ வாங்குங்கள். சரியான இடத்தில் வையுங்கள். அத்தோடு நிறுத்துங்கள். டி.என்.ராஜரத்தினம் பிள்ளையின் தோடி, ஒரு பக்கத்துக்கு மூன்று நான்கு நிமிஷமே ஓடும் கரகர இசைத்தட்டில்தான் வந்தது. அந்தக் கரகரப்பையும் மீறித் தோடி வீடுவீடாகப் போய்ச் சேர்ந்தது.

என் கோபம் செலவைப் பற்றியது அல்ல. அவர் பணம், அவர் ஒயர். இதற்கிடையே அவர் தவறவிட்டதைப் பாருங்கள். 2018-ல் சென்னையில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' கானாவையும் ராப்பையும் சேர்த்து மேடையேற்றியது. 2021-ல் தீயும் அறிவும் பாடிய 'எஞ்சாய் எஞ்சாமி' உலகம் சுற்றியது. இரண்டையும் கேட்கவில்லை. கேட்டால், 'இந்தக் காலத்து ரெக்கார்டிங்கே சரியில்லை சார்' என்கிறார். கேட்காமலே தீர்ப்பு! சோம்பல் எப்போதும் நல்ல வக்கீலாகத்தான் பார்த்து வைத்துக்கொள்ளும்.

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் சுமார் 40 கிலோமீட்டர். காலை பஸ்ஸில் பாருங்கள். காலேஜ் பெண்கள் இருவர், மலிவான இயர்போனில் ஆளுக்கொரு பக்கம் மாட்டிக்கொண்டு, 'ஏய், இதக் கேட்டியாடி?' என்று பகிர்ந்துகொள்கிறார்கள். டிரைவர் ஹாரன், எஞ்சின் இரைச்சல், கண்டக்டர் விசில் எல்லாவற்றுக்கும் நடுவே புதுசாக ஒரு குரல் அவர்கள் காதில் ஏறுகிறது. லட்ச ரூபாய் அறையில் பல வருஷமாக நடக்காத சங்கதி இது.

இன்னும் சந்தேகமா? ஓர் அமாவாசை ராத்திரி செஞ்சி வழியாக மேல்மலையனூர் போய்வாருங்கள். பம்பையும் உடுக்கையும் அதிரும்போது எது வலது, எது இடது என்று உங்களுக்குக் கேட்கத் தோன்றாது.

ஒன்று செய்யுங்கள். அடுத்த அப்கிரேடை ஒரு வருஷம் தள்ளிப்போடுங்கள். வாரத்துக்கு ஒன்று, இதுவரை கேட்டிராத ஒருவரின் இசையை, பாதியில் தாவாமல் முழுசாகக் கேளுங்கள். வருஷக் கடைசியில் 52 பேர் அறிமுகமாகியிருப்பார்கள். அதில் நாற்பது பேர் பிடிக்காமல் போகட்டும், மிச்சம் பன்னிரண்டு பேர் லாபம்.

அதற்குப் பிறகும் ஒயரை மாற்றத் தோன்றினால் தாராளமாக மாற்றுங்கள். அப்போதாவது அதில் ஓடவிட உங்களிடம் ஏதாவது இருக்கும்.