பத்து மரமா, பத்து மரங்களா?

சித்தூர், திருப்பதி பக்கத்துப் பள்ளிக்கூடங்கள்ல இங்கிலீஷ் ஒருமை-பன்மை சொல்லிக் கொடுக்கிற விதத்தைப் பற்றி எழுதணும்னு ரொம்ப நாளா நினைச்சுக்கிட்டு இருந்தேன். போன வாரம் சித்தூருக்குப் போன் பண்ணினா, ரெண்டாவது படிக்கிற அக்கா பையன் இம்போசிஷன் எழுதிக்கிட்டு இருக்கான். குற்றம்? பரீட்சையில் "டென் ட்ரீ" என்று எழுதிட்டானாம். சரி, இன்னைக்கு எழுதியே ஆகணும்.

அவன் எழுதினது கவனக்குறைவு இல்லைங்க, தமிழ்! வீட்ல "பத்து மரம்"னுதானே பேசறோம்? ஓட்டல்ல போய் "நாலு இட்லிகள்" கேட்டுப் பாருங்க, சர்வர் மேலயும் கீழயும் பார்ப்பார் :-) அஃறிணைப் பெயருக்குக் 'கள்' விகுதி கட்டாயமில்லை, ஒருமையா பன்மையா என்று வினை காட்டிவிடும் என்பது தொல்காப்பியத்திலேயே இருக்கிற சமாசாரம்.

பக்கத்து பெஞ்சுத் தெலுங்குப் பையனுக்கு இந்தத் தொல்லை இல்லை. ஒக்க செட்டு, பதி செட்லு. எண் வந்தால் பன்மையும் வந்தாகணும். ஃபுட், ஃபீட் ஆவது போல சொல்லே உருமாறுவதும் அவனுக்குப் புதுசில்லை. 'கன்னு' பன்மையில் 'கள்ளு' ஆகும் (நம்மூர் கள்ளு இல்லீங்க, கண்கள்!). அவன் சறுக்கக்கூடிய இடம் வேறு. தெலுங்கில் தண்ணீரும் பாலும் பன்மை. குழாயில் தண்ணி வந்தால் "நீள்ளு வச்சாயி". அந்தக் கணக்கில் அவன் "வாட்டர் ஆர் கமிங்" என்றால் அதிலும் நியாயம் இருக்கு.

ஆக, ஒரே வகுப்பில் ரெண்டு விதமான தப்பு. ஆனா கொடுக்கிறது ஒரே மாத்திரை: மேன்-மென், ஆக்ஸ்-ஆக்ஸன், மவுஸ்-மைஸ் என்று பட்டியல் மனப்பாடம்.

1958-ல் ஜீன் பெர்க்கோ என்ற அமெரிக்க ஆய்வாளர் குழந்தைகளிடம் ஒரு கற்பனைப் பிராணியின் படத்தைக் காட்டி, இது ஒரு 'வக்', ரெண்டு இருந்தால் என்ன சொல்வீங்க என்று கேட்டார். பெரும்பாலான குழந்தைகள் "வக்ஸ்" என்றார்கள். இல்லாத சொல்லை யார் மனப்பாடம் பண்ணியிருக்க முடியும்? விதியைத் தாங்களே பிடிச்சிருக்காங்க. "ஃபுட்ஸ்" என்று சொல்கிற பிள்ளையும் அப்படித்தான். அது தட்டிக் கொடுக்க வேண்டிய தப்பு.

2019 நவம்பரில் ஆந்திர அரசு, அரசுப் பள்ளிகளை ஆங்கில வழிக்கு மாற்ற ஆணை போட்டது. 2020 ஏப்ரலில் ஐகோர்ட் அதை ரத்து செய்தது. எந்த மொழியில் படிப்பது என்று அத்தனை சண்டை. வீட்டு மொழியை வைத்து இங்கிலீஷை எப்படிச் சொல்லிக் கொடுப்பது என்ற பேச்சை நான் அதிகம் கேட்கவில்லை.

பெரிய செலவு ஒண்ணுமில்லை. கரும்பலகையில் மூணு கட்டம் போடுங்க: பத்து மரம், பதி செட்லு, டென் ட்ரீஸ். தமிழில் விட்டாலும் பரவாயில்லை, இங்கிலீஷில் விடக்கூடாது என்று சொல்லுங்க. தண்ணீர், பாலுக்கும் அதே மாதிரி மூணு கட்டம். ஆக்ஸனும் மைஸும் மெதுவா வரட்டும்.

நம்ம பக்கத்துப் பசங்க பலரும் பள்ளிக்கூடம் சேரும்போதே ரெண்டு மொழியோட இலக்கணத்தைத் தலைக்குள்ள வச்சுக்கிட்டு வர்றாங்க. ஒரு 'எஸ்' விட்டதுக்காக அவங்களை மக்குன்னு சொன்னா, அப்புறம் இங்கிலீஷில் வாயே திறக்க மாட்டாங்க. அந்த நஷ்டத்தை எந்த இம்போசிஷனும் ஈடு கட்டாது.